பிரிக்பீல்ட்ஸ் மாடிக் கடை: துணைவர் விசாவுக்குப் பத்திரம் சேர்ப்பவர்களுக்கு

கல்யாணம் கோலாலம்பூரில் நடந்தது. மனைவி பெர்த்தில் இருக்கிறார், ஆஸ்திரேலியக் குடியுரிமை உள்ளவர். நான் செந்தூலில் ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். நான் அங்கே போய்ச் சேர 309 என்ற எண்ணுள்ள துணைவர் விசா வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருந்துகொண்டு விண்ணப்பிப்பவர்களுக்கு அதுதான். பின்னால் வரும் நிரந்தர விசாவான 100-க்கும் இதே விண்ணப்பம்தான், கட்டணமும் ஒரே தடவைதான். ஆனால் அந்த ஒரு தடவை 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஆகிறது. நம் மலேசியக் காசில் 25,000 வெள்ளியை ஒட்டி வரும். விசா கிடைக்கவில்லை என்றால் அந்தப் பணம் திரும்பாது.

அவ்வளவு பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் என் பிறப்புப் பத்திரம், ஐசி என்ற அடையாள அட்டை, பாஸ்போர்ட், கல்யாணப் பத்திரம் நான்கையும் ஒழுங்காக்கிக் கொடுத்த ஒரு கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. "எழுதுறதா இருந்தா எழுது தம்பி, பேரை மட்டும் போட்டுடாதே, இருக்கிற வேலையே முடிய மாட்டேங்குது" என்று கடையை நடத்தும் அக்கா சொல்லிவிட்டார். துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பக்கத்துப் படிக்கட்டில் ஏறினால் முதல் மாடி. கீழே போட்டோஸ்டாட் என்று ஒரு பலகை தொங்கும், அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸ் ஆட்களிடம் கோர்ட்டு அக்கா என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

கோர்ட்டு அக்கா என்று பெயர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. பணி ஓய்வு பெறும்வரை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் சாட்சி சொல்வதை அங்கேயே நின்று மாற்றிச் சொல்லிப் பழகியவர். இப்போது கடையில் நகல் எடுப்பது, ஸ்கேன், பாஸ்போர்ட் அளவுப் படம், மொழிபெயர்ப்பு எல்லாம் நடக்கிறது. மற்ற வேலைகளை ஒரு பையன் பார்த்துக்கொள்கிறான். மொழிபெயர்ப்பு மட்டும் அக்கா கையில்தான்.

இங்கே வருவதற்கு முன்னால் ஒரு விசா ஏஜென்சிக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவு, காபி மெஷின், சுவரில் சிட்னிப் பாலம். 'பத்திரப் பரிசோதனை' என்று ஒரு தொகை வாங்கினார்கள். பரிசோதனை என்று கொடுத்தது, ஆஸ்திரேலிய உள்துறை இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பட்டியலை அப்படியே அச்சடித்த இரண்டு தாள். அதோடு, மலாயில் உள்ள என் பிறப்புப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது, முத்திரையெல்லாம் போட்டிருந்தார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கூடுதல் நகல் போட அக்கா கடைக்குப் படியேறினேன்.

அக்கா அந்த மொழிபெயர்ப்பை வாங்கிப் பார்த்தார். "ஒரிஜினல் எங்கே?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். "ஐசி? பாஸ்போர்ட்? கல்யாணப் பத்திரம்?" எல்லாவற்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இழுப்பறையிலிருந்து ஓர் இரும்பு அடிக்கோல், ஒரு பென்சில். அடிக்கோலைப் பிறப்புப் பத்திரத்தின் முதல் வரிக்குக் கீழே வைத்து, வரியை எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தார். அடுத்து ஐசியில் அதே விவரம், அடுத்து பாஸ்போர்ட்டில். ஒத்துப்போனால் தன் தாளில் ஒரு புள்ளி. ஒத்துப்போகாவிட்டால் ஒரு வட்டம். அவசரமே இல்லை. பின்னால் போட்டோஸ்டாட்டுக்குக் காத்திருந்த ஒரு கல்லூரிப் பெண் பெருமூச்சு விட்டதைக்கூட அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐசி எண்ணை அவர் சரிபார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், தேதி. அதைப் பத்திரத்தில் இருக்கும் பிறந்த தேதியோடு ஒப்பிட்டார். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். எனக்கு 08, பேராக். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், சரி. கடைசி இலக்கம் ஒற்றைப்படை, ஆண், அதுவும் சரி. "இது தப்பா இருக்கிற ஆளையும் பார்த்திருக்கேன், அதான்" என்றார்.

வட்டம் விழுந்தது அப்பாவின் பெயரில். என் ஐசியிலும் பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயர் 'ஒய்' எழுத்தில் முடிகிறது. பிறப்புப் பத்திரத்தில் 'ஐ' எழுத்தில் முடிகிறது, நடுவில் ஒரு 'எச்' அதிகம். தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், காதில் விழுந்தபடி எழுதிக் கொடுத்திருப்பார். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான், ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஓர் அப்பா பெயர், தம்பிக்கு ஓர் அப்பா பெயர்.

இதைவிடப் பெரிய வட்டம் ஏஜென்சியின் மொழிபெயர்ப்பில் விழுந்தது. அவர்கள் அப்பா பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றி எழுதிவிட்டிருந்தார்கள். மூலத்தில் ஒன்று, மொழிபெயர்ப்பில் வேறொன்று. நல்லெண்ணத்தில் செய்திருக்கலாம், இல்லை சோம்பலில் பாஸ்போர்ட்டைப் பார்த்து அடித்திருக்கலாம். அக்காவுக்குக் கோபம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். "பத்திரத்துல என்ன இருக்கோ அதைத்தான் நான் எழுதுவேன். திருத்துறது மொழிபெயர்க்கிறவன் வேலை கிடையாது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கிற அதிகாரிக்கு உன் மேலதான் சந்தேகம் வரும், அவன் மேல வராது."

இன்னொரு குறையும் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குள் மொழிபெயர்த்தால் நாட்டி என்ற அமைப்பின் அங்கீகாரம் உள்ளவர் செய்ய வேண்டும். வெளிநாட்டில் செய்தால் அந்த அங்கீகாரம் தேவையில்லை. ஆனால் மொழிபெயர்த்தவர் தன் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், அந்த மொழியில் தனக்குள்ள தகுதியும் அனுபவமும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் குறிப்பிட வேண்டும். இது உள்துறையின் பக்கத்திலேயே இருக்கிறது. ஏஜென்சி கொடுத்ததில் வட்ட முத்திரையும் புரியாத ஒரு கையெழுத்தும்தான். யார் மொழிபெயர்த்தார் என்றே தெரியாது. அக்கா கொடுக்கும் தாளின் அடியில் இந்த விவரம் எல்லாம் அச்சாகியிருக்கிறது, எத்தனை வருடம் நீதிமன்றத்தில் வேலை பார்த்தார் என்பது உட்பட.

பத்திரத்தைப் புதிதாக மொழிபெயர்த்துக் கொடுத்தார். அப்பா பெயர் மூலத்தில் உள்ளபடியே. பெயருக்கு நடுவே வரும் 'ஏ/எல்' அப்படியே இருந்தது, கீழே மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக 'இன்னாரின் மகன் என்று பொருள், குடும்பப் பெயர் அல்ல' என்று ஒரு வரி. இந்த ஒரு வரி நம்மவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் தெரியும். அங்கே குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயரே இல்லை, சாய்வுக்கோட்டையோ இணையப் படிவங்கள் பலவற்றில் தட்டவே விடாது.

சரி, பெயர் வித்தியாசத்துக்கு என்ன செய்வது? பதிவு இலாகாவில் பிறப்புப் பதிவைத் திருத்த மனுப் போடலாம், 1957-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஆதாரம் தேட வேண்டும், காத்திருக்க வேண்டும். இன்னொரு வழி சத்தியப் பிரமாணம். மலாயில் அக்குவான் பெர்கானுன் என்பார்களே, 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது, அதுதான். இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சம்பந்தப்பட்டவர் சத்தியப் பிரமாணம் வாங்கும் அதிகாரியான ஓத் கமிஷனர் முன்னால் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டால் அதை மொழிபெயர்க்கும் செலவு மிச்சம். இந்தச் சின்ன விஷயத்தையும் அக்காதான் சொன்னார். எது என் விண்ணப்பத்துக்குப் போதும் என்று மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். "அது விசாக் கேள்வி. அதுக்கு லைசென்ஸ் வச்சிருக்கிற ஆளைக் கேளு."

மனைவி பெர்த்தில் ஒரு பதிவுபெற்ற குடிநுழைவு ஏஜெண்டிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பணம் கட்டிக் கேட்டார். இவர்களுக்கு மார்ன் என்று ஒரு பதிவு எண் இருக்கும், அரசாங்கப் பதிவேட்டில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சிட்னிப் பாலம் மாட்டிய ஏஜென்சியிடம் அந்த எண்ணைக் கேட்டபோது பேச்சை மாற்றினார்கள். பெர்த் ஏஜெண்ட், சத்தியப் பிரமாணத்தையும் அப்பாவின் ஐசி நகலையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்.

அப்பா சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் வெற்றிலை. கேஎல் சென்ட்ரலில் இறங்கி அங்கிருந்து நடந்தே கூட்டி வந்தேன். "என் பேரு என் பேருதானே, அதுக்கு எதுக்குடா சத்தியம்?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் சொன்ன எந்த விளக்கமும் எடுபடவில்லை. அக்கா அவரை உட்காரவைத்து, தாளில் எழுதியிருந்ததை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார், கோர்ட்டில் சாட்சிக்குச் சொல்வதுபோலவே. "புரிஞ்சுதாங்க ஐயா? உண்மைதானா? உண்மைன்னா மட்டும் ஓத் கமிஷனர் முன்னால போய்க் கையெழுத்துப் போடுங்க." அப்பா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. ஓத் கமிஷனர் அதே வரிசையில் சில கதவு தள்ளி இருக்கிறார். இரண்டு பேருக்கும் எந்தக் கமிஷன் உறவும் இல்லை என்று அக்கா தானாகவே சொன்னார். நான் கேட்கவே இல்லை.

கல்யாண அட்டை விஷயமும் சொல்லிவிடுகிறேன். உறவு உண்மையானது என்று காட்ட அட்டையையும் சேர்க்கலாம் என்று மனைவி சொன்னார். அட்டை தமிழில் இருந்ததால் அதையும் அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "மாப்பிள்ளை யாரு?" என்றார். நான்தான் என்றேன். "இதுல கண்ணன்னு இருக்கே." வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அட்டையில் அம்மா அதையே போடச் சொல்லிவிட்டார். விசாவுக்கு நிரப்பும் 80 எண் படிவத்தில் வேறு பெயரால் அறியப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே அந்தப் பெயரையும் எழுதிவிட்டேன். அதே படிவத்தில் சொந்த மொழி எழுத்தில் பெயரைக் கேட்கும் இடமும் உண்டு. அதையும் அக்காவிடம் காட்டினேன். அரசாங்கப் படிவம் ஒன்றில் என் பெயரைத் தமிழில் எழுதியது அதுதான் முதல் தடவை. நேர்க்கோட்டில் எழுதத்தான் கொஞ்சம் சிரமப்பட்டேன்.

கல்யாணப் பத்திரம் சீக்கிரம் முடிந்தது. கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 1982 மார்ச்சில் அமலுக்கு வந்த சட்டத்துக்குப் பிறகு, முஸ்லிம் அல்லாதவர்கள் பதிவு செய்தால்தான் கல்யாணம். எங்களுடையது பதிவானது, பெயர்கள் ஐசியையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து அடித்தவை, எல்லாம் புள்ளிதான்.

இனிக் குறைகள். ஸ்கேன் விஷயத்தில் கவனமாக இருங்கள். கடைப் பையன் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில், ஒரே கோப்பாகச் சேர்த்து அனுப்பிவிட்டான். ஆஸ்திரேலிய உள்துறை வண்ண ஸ்கேன்தான் கேட்கிறது. ஐசிக்கு முன்பக்கம் பின்பக்கம் இரண்டும், ஒவ்வொரு பத்திரமும் தனிக் கோப்பு, கோப்பு ஒன்று 5 எம்பிக்குள். திரும்பச் சொன்னபோது முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தான், அதற்குக் காசும் வாங்கவில்லை. ஆனால் கேட்காதவர் அதையே ஏற்றியிருப்பார். கடையில் இதற்கு ஓர் எழுதிவைத்த முறை வேண்டும். அக்காவிடமும் சொன்னேன்.

அக்கா வேகமான ஆளில்லை. ஏஜென்சி மறுநாளே கொடுத்ததை இங்கே வாரக் கணக்கில் எதிர்பார்க்க வேண்டியிருக்கும், தைப்பூச நேரமென்றால் மறந்தே விடுங்கள். வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டால் குரல் செய்தியில்தான் பதில் வரும், பின்னணியில் சீரியல் ஓடும். ரசீது கையால் எழுதியது. வங்கி அட்டையில் கட்ட முடியாது, க்யூஆர் சமீபத்தில்தான் வந்திருக்கிறது, அதுவும் பையன் இருந்தால்தான். படிக்கட்டு செங்குத்து, முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் முன்கூட்டிச் சொன்னால் அக்காவே கீழே சாப்பாட்டுக் கடைக்கு இறங்கி வருவார். வண்டி நிறுத்த இடம் தேடினால் அரை நாள் போய்விடும். மோனோரயிலில் துன் சம்பந்தன் நிலையத்தில் இறங்கி நடப்பது மேல்.

விலை மலிவு என்று சொல்ல மாட்டேன். பக்கக் கணக்கில் வாங்குகிறார், பத்திரம் ஒன்றுக்கு ஏஜென்சியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நான் எதற்குக் காசு கொடுத்தேன் என்று யோசித்தால், அந்த அடிக்கோலுக்குத்தான். பிறப்புப் பத்திரத்தை ஆங்கிலத்தில் அடித்துக் கொடுக்க இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான்கு பத்திரத்தையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கிற ஆளைத்தான் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அந்தப் படிப்புக்கென்று அவர் தனியாக எதுவும் வாங்குவதில்லை, அது மொழிபெயர்ப்பிலேயே அடக்கம்.

போலீஸ் சான்றிதழ் வேலையெல்லாம் இந்தக் கடையில் கிடையாது, எதிர்பார்த்துப் போகாதீர்கள். மலேசிய நன்னடத்தைச் சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவின் இகொன்சுலார் தளத்தில் நேரடியாக விண்ணப்பித்துவிடலாம், கட்டணம் 20 வெள்ளி, அதற்கு ஏஜெண்ட் வைப்பது வீண் செலவு. பதினாறு வயதுக்குப் பிறகு, கடந்த பத்து ஆண்டுகளில் மொத்தம் ஓராண்டோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இந்தச் சான்றிதழ் வேண்டும். என்னைப்போல் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்த நாட்டுப் போலீஸிடமும் தனியாக வாங்க வேண்டும். அதற்குக் கைரேகை கேட்பார்கள், முதலிலேயே தொடங்குங்கள்.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் பிறப்புப் பத்திரத்தை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருப்போம். ஸ்கேன் செய்தால் அதன்மேல் விளக்கு வெளிச்சம் அடித்து, முத்திரை இருக்கும் இடம் வெள்ளையாகத் தெரியும். என்னுடையதும் அப்படித்தான் வந்தது. அதற்காக நீங்களே பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் போகாதீர்கள், மையோடு சேர்ந்து வந்துவிடும். அக்கா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், விளக்கை அணைத்து, பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துக் கொடுத்தார். முத்திரையில் இருந்த தேதிவரை தெளிவாக விழுந்தது. அதுவும் சரிவராத அளவுக்குப் பத்திரம் மங்கிப்போயிருந்தால் பதிவு இலாகாவில் புதிதாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வரச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அக்கா கோயிலுக்குப் போய்விடுவார், பையன் மட்டும்தான் இருப்பான். மொழிபெயர்ப்புக்குப் போகிறவர்கள் செவ்வாய், புதன் காலையில் போங்கள், நான்கு பத்திரத்தின் மூலத்தையும் எடுத்துக்கொண்டு.